ட்ரோன் கெமரா பார்த்தால் மட்டும் போதுமா?

கடந்த நோன்பு காலத்தில் ஒரு நாள் தராவீஹ் முடிந்து வீடு திரும்பும்போது என் சகோதரியின் மகன் என்னோடு சேர்ந்து நடந்து வந்தான். "மாமா, ஒரு தொழில் தொடங்கப் போறன். ஆலை, ஸ்டோர்ஸ், டவர், சோலார் எல்லாத்தையும் ட்ரோன் கெமராவால பார்த்து ரிப்போர்ட் குடுக்கிற தொழில். முப்பது இலட்சம் வேணும். உம்மாட நகையும் அதுக்குள்ள அடக்கம். நீங்களும் ஒரு பங்கு போடுவீங்களா?" என்று கேட்டான்.

உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் வா என்றேன். காரணம், ட்ரோன் கெமராவால் எடுத்த அறிக்கை ஒன்றை நம்பி, எங்கள் ஆலை முற்றத்தில் பெரியதோர் விபத்து நடக்கும் அளவுக்குப் போய் அல்லாஹ்வின் கிருபையால் தப்பிய அனுபவம் எனக்கு உண்டு. இப்போது நம் ஊர்களில் அரிசி ஆலை, களஞ்சியசாலை, குளிர் அறை, எரிபொருள் நிலையம் வைத்திருக்கும் முதலாளிமாரிடம் இந்தச் சேவையை விற்க வருபவர்களும் இருக்கிறார்கள். அதை ஒரு தொழிலாகத் தொடங்க நினைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கில் எங்களுக்குப் பங்கிருக்கும் ஆலையில் நெல் அவிக்கும் பொய்லருக்கு உமிதான் எரிபொருள். அதன் புகைபோக்கி இரும்புத் தகட்டில் செய்தது. நாலு பக்கமும் இழுவைக் கம்பி கட்டி நிற்கிறது. முன்பெல்லாம் போகத்துக்கு முன் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி மேலே ஏறிப் பார்ப்பார். ஒருவருடைய உயிரைக் கயிற்றில் தொங்கவிட்டு நாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது எனக்கு எப்போதும் மனச்சங்கடம். எனவே ட்ரோன் கொண்டுவந்து பார்க்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னபோது சந்தோசமாக ஒப்புக்கொண்டேன். ஒரு காலைப் பொழுதுக்குள் வேலை முடிந்தது. நானூறுக்கும் மேற்பட்ட படங்கள், அழகாக அச்சிட்ட ஓர் அறிக்கை. ஓர் இழுவைக் கம்பியின் பிடி கறள் பிடித்துத் தளர்ந்திருப்பதைப் படத்தோடு காட்டியிருந்தார்கள். அது நூற்றுக்கு நூறு உண்மை. கீழிருந்து பார்த்தால் எவருக்கும் தெரிந்திருக்காது.

அந்தப் பிடியை மாற்ற வெல்டிங் பாஸ் ஒருவரை அழைத்தோம். எழுபது வயதை நெருங்கும் மனிதர். ஏணியை வைப்பதற்கு முன், பழக்க தோசத்தில், கையிலிருந்த சின்னச் சுத்தியலால் புகைபோக்கியைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். பொய்லரிலிருந்து வரும் குழாய் புகைபோக்கியோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே தட்டியபோது சத்தம் மாறியது. இன்னொரு தடவை கொஞ்சம் பலமாகத் தட்டினார். தகடு உள்வாங்கியது. பின்னர் தடிப்பு அளக்கும் கருவியோடு ஒருவரை வரவழைத்துப் பார்த்தால், 6 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய தகடு அந்த இடத்தில் 2 மில்லிமீற்றர்கூட இல்லை. வெளியே வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தது. அந்தப் புகைபோக்கிக்குக் கீழேதான் எங்கள் லொறிகள் மூட்டை ஏற்றும். தினமும் பதினைந்து இருபது பேர் நிற்கும் இடம்.

ட்ரோன் கொண்டுவந்த நிறுவனம் பொய் சொல்லவில்லை. அறிக்கையை மீண்டும் எடுத்து வாசித்தேன். "வெளிப்புற மேற்பரப்பு திருப்திகரம்" என்றுதான் எழுதியிருந்தார்கள். "வெளிப்புற மேற்பரப்பு" என்ற இரண்டு சொற்களையும் நான்தான் தாண்டிப்போய் "திருப்திகரம்" என்பதை மட்டும் வாசித்திருக்கிறேன். ஆனாலும் அந்த இரண்டு சொற்களின் அர்த்தம் என்னவென்று ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.

ட்ரோனின் குறைபாடுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான். அது பார்க்கும், தொடாது. இரும்பு உள்ளிருந்து தேய்கிறதா, வர்ணப்பூச்சுக்குக் கீழே கறள் ஓடுகிறதா, கொங்கிரீட்டின் உள்ளே கம்பியை விட்டு மேற்பூச்சு கழன்று நிற்கிறதா என்பதையெல்லாம் தட்டிப் பார்த்தோ, கருவியைத் தொடவைத்து அளந்தோதான் அறியலாம். உமி எரிக்கும் நம் ஆலைகளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் இனம். அது புகையோடு வேகமாகப் போகும்போது, வளைவுகளிலும் இணைப்புகளிலும் உரைதாள் போல உள்ளிருந்து தேய்க்கிறது. அதோடு ஆலை மூடியிருக்கும் மாதங்களில் மழைநீர் இறங்கி அந்தச் சாம்பலோடு சேர்ந்து ஊறுகிறது. தேய்மானம் முழுவதும் உள்ளே. கெமரா நிற்பதோ வெளியே.

தொட்டு அளக்கும் ட்ரோன்களே உலகில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. சுவிற்சர்லாந்தின் வொலிரோ நிறுவனம் சுவரோடு கருவியை அழுத்திப் பிடித்துத் தடிப்பை அளக்கும் ட்ரோன்களைச் செய்கிறது. ஆனால் அவை எண்ணெய்க் கம்பனிகளும் காற்றாலைக் கம்பனிகளும் எடுக்கும் சாமான். நம்மிடம் விற்க வருபவர் கொண்டுவருவது அதுவல்ல. கலியாண வீட்டிலும் பறக்கும் ரகத்தின் அண்ணன் தம்பிதான்.

இரண்டாவது விசயம் படத்தின் நுணுக்கம். "20 மெகாபிக்சல்" என்று சொன்னவுடன் நாம் மயங்கிவிடுகிறோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஜேஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட மெவிக் 3 என்டர்பிரைஸ் ரகம் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதன் பிரதான கெமராவால் 30 மீற்றர் தூரத்திலிருந்து படம் எடுத்தால், படத்தின் ஒரு புள்ளி சுவரில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றரை மூடுகிறது. கொங்கிரீட்டில் பொறியியலாளர்கள் கவலைப்படத் தொடங்கும் வெடிப்பின் அகலம் 0.3 மில்லிமீற்றர் அளவு. 8 மில்லிமீற்றர் கண்ணுள்ள சல்லடையில் 0.3 மில்லிமீற்றர் தவிட்டைப் பிடிக்க முடியுமா? அந்த வெடிப்பைக் காணவேண்டுமென்றால் அதே கெமராவைச் சுவரிலிருந்து ஒரு மீற்றருக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் செய்மதியை நம்பி அந்தரத்தில் நிற்கும்போது அது ஏறத்தாழ அரை மீற்றர் அங்குமிங்கும் அசையலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பக்கத்தில் ஒரு காற்று அடித்தால் கதை முடிந்தது. ஸூம் வசதி கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஸூம் பண்ணும்போது ஒரு படத்தில் விழும் இடம் சிறுத்துவிடும். ஒரு சுவருக்கு நூற்றுக்கணக்கில் படம் எடுக்க வேண்டிவரும்.

அப்படி எடுத்தால் அவற்றை இருந்து பார்ப்பது யார்? இதை எவரும் கேட்பதில்லை. ட்ரோன் ஓட்டத் தெரிந்தவருக்குக் கட்டடம் தெரிந்திருக்கும் என்ற கட்டாயமில்லை. எங்கள் படங்கள் நானூறையும் பார்த்தவர் யார் என்று பின்னர் விசாரித்தபோது, கொம்பியூட்டர் படித்த ஓர் இளைஞர் என்று தெரிந்தது. திறமையான பிள்ளைதான், ஆனால் பொய்லருக்குக் கிட்ட வாழ்நாளில் போனதில்லை.

அடுத்தது வெப்பக் கெமரா. விற்பவர்கள் மிகவும் தூக்கிப்பிடிப்பது இதனைத்தான்; நானும் அதிகமாக ஏமாறக்கூடும் என்று நினைப்பது இதில்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று படம் வந்து விழுந்ததும் ஏதோ டாக்டரின் ஸ்கேன் போல நமக்கு மரியாதை வந்துவிடுகிறது. மேலே சொன்ன மெவிக் 3 வரிசையின் வெப்பக் கெமராவில் இருப்பது 640க்கு 512 புள்ளிகள். 30 மீற்றரிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர். வெப்பநிலையை நம்பிச் சொல்வதற்குக் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளியாவது பொருளின் மேல் விழ வேண்டும் என்பது இத்துறையில் உள்ள வழக்கம். அதாவது 12 சென்ரிமீற்றர். ட்ரான்ஸ்போமரில் சூடேறும் ஒரு போல்ட்டின் தலை அதில் கால்வாசிகூட இல்லை. அதன் சூடும் பக்கத்திலுள்ள குளிர்ச்சியும் கலந்து ஒரு சராசரிதான் திரையில் விழும். எரியப் போகும் இணைப்பு, சும்மா இளஞ்சூடாகத் தெரியும்.

இன்னொன்று: பளபளப்பான உலோகத்தின் சூட்டை இந்தக் கெமரா சரியாகக் காட்டாது. புது அலுமினியம், மினுங்கும் சிங்க் தகடு, துருவேறா உருக்கு என்பவை தம் சொந்த வெப்பத்தைக் கொஞ்சமாகவே கதிர்வீசி, எதிரிலுள்ளதன் வெப்பத்தைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். கூரைத் தகட்டை மேலிருந்து பார்த்தால் நீங்கள் காண்பது பாதி வானத்தின் குளிர்ச்சி. இதைத் தெரிந்தவர் பொருளுக்கேற்ற எண்ணைக் கருவியில் மாற்றி, கோணம் பார்த்து, நேரம் பார்த்து எடுப்பார். தெரியாதவர் பட்டனை அமுக்குவார். இருவருடைய படமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கூரையில் சோலார் பூட்டிய சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பழுதான தகட்டைக் கண்டுபிடிக்க ட்ரோன் உண்மையிலேயே நல்ல கருவி. பெரிய கூரையென்றால் மனிதர் ஏறிப் பார்ப்பதைவிடப் பல மடங்கு விரைவு. ஆனால் வெயில் சதுர மீற்றருக்குக் குறைந்தது 600 வாட் அளவில் அடிக்கும்போது பார்க்க வேண்டும் என்று இதற்கான சர்வதேசத் தரநிர்ணயம் சொல்கிறது. முகில் மூடிய காலையில் வந்து பதினைந்து நிமிடம் பறக்கவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லிப் போனால், அந்தச் சான்றுக்கு நீங்கள் கொடுத்த காசு வீண். அத்தோடு ஒரு தகடு சூடாக இருக்கிறது என்பதைத்தான் கெமரா சொல்லும். காக்கை எச்சமா, உள்ளே வெடிப்பா, இணைப்பில் பழுதா என்று சொல்ல வேறு ஆள் வேண்டும்.

பறக்கும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் 45 நிமிடம் என்று போட்டிருக்கும். அது காற்றே இல்லாத இடத்தில், பெட்டரி அடிமட்டம் வரை தீரும்படி பறக்கவிட்டு எடுத்த கணக்கு. பெட்டரியில் கால்வாசி மிச்சம் வைத்து இறக்குவதே புத்தி. போகவர, நின்று படமெடுக்க என்று பார்த்தால் இருபத்தைந்து முப்பது நிமிடந்தான் வேலைக்குக் கிடைக்கும். ஒரு நாள் முழுவதும் வேலை செய்ய ஐந்தாறு பெட்டரியும், களத்தில் சார்ஜ் பண்ண ஜெனரேட்டரும் வேண்டும். என் மருமகனின் முப்பது இலட்சக் கணக்கில் ஒரு ட்ரோனும் இரண்டு பெட்டரியும் மட்டுமே இருந்தன.

பெட்டரி நிறைய இருக்கிறது என்று கருவி காட்டினாலும் அதை முழுதாக நம்ப முடியாத சம்பவமும் நடந்திருக்கிறது. 2018 ஒக்டோபரில் பிரித்தானியாவின் சிவில் விமான அதிகாரசபை, டிஜேஐயின் மெட்ரிஸ் 200 வரிசை ட்ரோன்கள் பற்றி ஒரு பாதுகாப்பு அறிவித்தல் விடுத்தது. பெட்டரியில் போதிய மின் இருப்பதாகக் காட்டிக்கொண்டே, பறக்கும்போது மின்சாரம் முற்றாக நின்று சில விழுந்திருந்தன. அது விளையாட்டுச் சாமான் அல்ல. பொலிசாரும் தொழிற்துறையினரும் பயன்படுத்திய ரகம். பின்னர் நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. ஆனால் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: ட்ரோன் பறக்கும்போது அதன் கீழே ஆட்களும் வாகனங்களும் நிற்கக்கூடாது. அதாவது ஆலை முற்றத்தை வெறுமையாக்க வேண்டும். அந்த மணித்தியாலங்களின் நட்டத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மழையையும் காற்றையும் நம் நாட்டில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மெவிக் வரிசைக்கு மழைப் பாதுகாப்புத் தரம் கிடையாது. 2022இல் வந்த மெட்ரிஸ் 30, 2023இல் வந்த மெட்ரிஸ் 350 போன்ற பெரிய ரகங்களுக்கு ஐபி 55 என்ற தரம் உண்டு. அவை மழைச் சாரலைத் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். கடற்கரையோரத் தொழிற்சாலைகளில் உப்புக் காற்று மோட்டாருக்குள் போய்ச் செய்யும் வேலைக்கு அந்தத் தரத்திலும் பதில் இல்லை. காற்று செக்கனுக்கு 12 மீற்றர் வரை தாங்கும் என்பார்கள். வெட்டவெளியில் சரி. உயரமான கட்டடத்தின் மூலையிலும் புகைபோக்கியின் பின்புறத்திலும் காற்று சுழன்றடிக்கும். அங்கேதான் நமக்குப் படமும் வேண்டும்.

இரும்புக்கு அருகில் இன்னொரு தொல்லை. ட்ரோனுக்குத் திசை காட்டுவது ஒரு திசையறிகருவி. பெரிய இரும்புக் கட்டமைப்புக்குக் கிட்டே அது குழம்பும். கூரைக்குக் கீழே, சைலோவுக்குள்ளே, தாங்கிக்குள்ளே செய்மதி சமிக்ஞையும் கிடையாது. அடிவயிற்றிலுள்ள கெமராக்களால் தரையைப் பார்த்து நிதானிக்கப் பார்க்கும். இருட்டில் அதுவும் நடக்காது. உள்ளே பறப்பதற்கென்றே சுற்றிவரக் கூண்டு கட்டிய ட்ரோன்களை, 2014இல் சுவிற்சர்லாந்தில் தொடங்கிய ஃப்ளையபிலிட்டி நிறுவனம் செய்கிறது. சுவரில் முட்டினாலும் விழாது. ஆனால் ஒரு பெட்டரிக்கு ஏறத்தாழ பத்து நிமிடந்தான் பறக்கும். விலையோ சாதாரண ட்ரோனைப் போல் பல மடங்கு.

நெல் சைலோவுக்குள் சாதாரண ட்ரோனை இறக்கிப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து இடங்கொடுக்க வேண்டாம். விசிறிக் காற்று தூசியைக் கிளப்பிக் கெமராவை மறைக்கும் என்பது சின்னப் பிரச்சினை. தானியத் தூசி காற்றில் அடர்ந்து நிற்கும்போது ஒரு பொறி போதும், வெடிக்கும். சாதாரண ட்ரோனின் மோட்டாரும் பெட்டரியும் வெடிக்கக்கூடிய சூழலுக்கென்று சான்று பெற்றவை அல்ல. எரிபொருள் நிலையம், எரிவாயுக் களஞ்சியம், தின்னர் அடுக்கிய பெயின்ட் ஸ்டோர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

அஸ்பெஸ்டஸ் கூரை பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். எந்த சீட் உடைந்திருக்கிறது, முகட்டு ஓடு எங்கே விலகியிருக்கிறது, பீலியில் எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்பதையெல்லாம் ட்ரோன் நன்றாகக் காட்டும். காற்றில் கூரை பறந்தால் காப்புறுதிக்குப் படமெடுக்கவும் அதுபோல் வேறில்லை. ஆனால் உடையாத சீட் ஓர் ஆளைத் தாங்குமா என்று அது சொல்லாது. முப்பது வருடப் பழைய சீட் படத்தில் உறுதியாகத்தான் தெரியும். "ட்ரோனில் பார்த்தோம், கூரை நல்லம்" என்று சொல்லி எவரையும் ஏற்றிவிடாதீர்கள். பலகை போட்டு, பட்டி கட்டித்தான் ஏற்ற வேண்டும்.

சட்டமும் டொலரும் மிச்சம். நம் நாட்டில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. விமான நிலையங்களையும் பாதுகாப்பு வலயங்களையும் அண்டிய இடங்களில் இறுக்கம் அதிகம். 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் அதே மாதத்திலேயே ட்ரோன் பறப்புகள் நாடு முழுவதும் இடைநிறுத்தப்பட்டன. ஓர் அறிவித்தலோடு ஒரே இரவில் நின்றுபோகக்கூடிய தொழில் இது என்பதைக் கடன் எடுத்துத் தொடங்குபவர் யோசிக்க வேண்டும். படங்களை ஒட்டி முப்பரிமாணமாக்கும் மென்பொருள்கள் பலவற்றுக்கு வருடா வருடம் டொலரில் கட்ட வேண்டும். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதை நம்மில் யார் மறப்பார்? கருவியை உருவாக்கியவர்களே தொழிலை விட்டுப்போனால் பெட்டரிக்கு எங்கே போவது என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவின் 3டி ரொபொடிக்ஸ் 2015இல் பெரும் விளம்பரத்தோடு சோலோ என்ற ட்ரோனை வெளியிட்டு, மறு வருடமே உற்பத்தியை நிறுத்தியது.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொன்னேன். அவன் முகம் வாடிப் போனது. "அப்போ வேண்டாம் என்கிறீங்களா மாமா?" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ட்ரோன் இல்லாவிட்டால் அந்த இழுவைக் கம்பியின் பிடியை நாங்கள் கண்டிருக்க மாட்டோம். அதுவும் ஒரு நாள் ஆளைக் கொல்லக்கூடிய பழுதுதான். உம்மாவின் நகையைத் தொடாதே, பெரிய கருவியை இப்போதைக்கு வாங்காதே, தடிப்பு அளக்கத் தெரிந்த ஒருவரையும் கட்டடம் தெரிந்த பொறியியலாளர் ஒருவரையும் கூட்டுச் சேர்த்துக்கொள் என்றேன். அறிக்கையின் முதலாவது பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், எதையெல்லாம் பார்க்கவில்லை என்று எழு என்றும் சொன்னேன். சாமானின் குறையைச் சொல்லி விற்பது நமக்குப் புதிதல்லவே.

"அப்படி எழுதினா யார் மாமா காசு தருவாங்க?" என்று கேட்டான்.

நான் தருகிறேன் என்றேன். அடுத்த போகத்துக்கு முன் எங்கள் ஆலையின் கூரையையும் இழுவைக் கம்பிகளையும் அவன் பார்த்துத் தர வேண்டும். அன்றைக்கே தடிப்பு அளப்பவரும் வருவார். பொய்லரை ஒரு தடவை நிறுத்தினால் இரண்டு வேலையும் முடியும். வெல்டிங் பாஸுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், சுத்தியலோடு வரும்படி.